சாமி இருக்கா டீச்சர்?



கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படிக்க உட்காராதீர்கள்.

போன மாதம் என் வீட்டுக்காரருக்கு வருஷத் திதி. அதற்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டில் நடந்த பேச்சு நெருங்கிய உறவுகளுக்குத் தெரியும். மற்றவர்களுக்குக் கண், காது, மூக்கு வைத்து வந்து சேர்ந்திருக்கும். "டீச்சர் வீட்டுல திதியே கொடுக்கலையாம்", "டீச்சர் நாத்திகம் ஆயிட்டாங்களாம்" என்று. மாணவர்கள் இரண்டு பேர் போன் செய்தார்கள். ஒருவன் எனக்கு வாழ்த்துச் சொன்னான். இன்னொருத்தி, "டீச்சர், நீங்களா இப்படி? சாமி இருக்கா இல்லையா, நீங்களே சொல்லுங்க" என்று அழாத குறையாகக் கேட்டாள். இருவருக்கும் போனில் ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த இடைநிலை ஆசிரியை. முப்பத்திரண்டு வருடம் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பாடம் எடுத்தவள். தத்துவம் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். திதி கொடுக்க வேண்டியவன் என் மகன். அவன், "எனக்கு நம்பிக்கை இல்லம்மா. நம்பாததை அப்பா பேர்ல நடிக்க எனக்கு மனசு வரல" என்றான். என் நாத்தனார் அழ ஆரம்பித்துவிட்டார். கூடப் பிறந்த அண்ணன் இல்லையா? பேச்சு வளர்ந்தது. மகன், "எள்ளும் தண்ணியும் எங்க போய்ச் சேரும்? எல்லாம் முட்டாள்தனம் அத்தை" என்று சொல்லிவிட்டான். நாத்தனார் என் பக்கம் திரும்பி, "அண்ணி, நீங்க மனசார வேண்டியிருந்தா எங்கண்ணன் பொழச்சிருப்பார். இந்த வீட்டுல பக்தி இல்ல. அதான் போயிட்டார்" என்றார்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மகன் சொன்னதும் சரியில்லை, நாத்தனார் சொன்னதும் சரியில்லை. ஆனால் ஏன் சரியில்லை என்று எனக்கே தெளிவாக ஒரு மாதம் ஆனது.

இந்தச் சண்டை எனக்குப் புதிது இல்லை. நான் பிறந்ததே இப்படி ஒரு வீட்டில்தான்.

என் அப்பா கருஞ்சட்டைக்காரர். திருச்சியில் பெரியார் பேசுகிறார் என்றால் வேலையைப் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துவிடுவார். அம்மா சமயபுரத்தாள் பக்தை. மாசி மாதக் கடைசியில் பூச்சொரிதல் தொடங்கினால் அம்மாவும் விரதம் தொடங்கிவிடுவாள். மற்ற ஊர்களில் சாமிக்காகப் பக்தர்கள் பட்டினி கிடப்பார்கள். சமயபுரத்தில் பக்தர்களுக்காக அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக ஐதீகம். அந்த நாட்களில் அம்மனுக்கு வழக்கமான தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், இவைதான்.

அப்பாவுக்கு அந்த 28 நாளும் வாய் சும்மா இருக்காது. "ஊருக்கே படியளக்குற சாமி பட்டினியா கெடக்குது?" என்பார். அம்மா, "போய் உங்க தாடிக்காரர்கிட்ட கேளுங்க" என்பாள். ஆனால் சாயங்காலம் அம்மாவுக்கு இளநீர் சீவிக் கொடுப்பவர் அப்பாதான். சமயபுரத்துக்குப் போகப் பஸ் காசு கொடுப்பவரும் அவர்தான். அவர் கோயிலுக்குள் காலடி வைத்ததே இல்லை. அம்மா அவரைக் கூப்பிட்டதும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1960-களில் எங்கள் பக்கம் பெரியம்மை என்றால் குலை நடுங்கும். அம்மை குத்த ஆட்கள் வந்தபோது, "ஆத்தாவுக்கு எதிரா ஊசியா?" என்று அம்மா என்னை நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அப்பா தேடிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் குத்திக் கூட்டி வந்தார். அந்தத் தழும்பு இன்னும் என் கையில் இருக்கிறது. 1977-ல் இந்தியா பெரியம்மை இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. 1980-ல் உலகத்திலேயே அது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் தழும்பைக் காட்டியிருக்கிறேன். பழைய மாணவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இந்த விஷயத்தில் அப்பா சரி, அம்மா தப்பு. இதில் மழுப்ப ஒன்றும் இல்லை. சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்விக்குச் சோதனைதான் விடை சொல்ல வேண்டும். சாமி பெயரைச் சொல்லி மருந்தைத் தடுப்பதை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்க மாட்டேன். ஆனால் ஊசி போட்ட அன்று ராத்திரி எனக்குக் காய்ச்சல் அடித்தது. அம்மா விடிய விடிய வேப்பிலையால் விசிறிக்கொண்டு, "பச்சப்புள்ள ஆத்தா, பாத்துக்க" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அதற்கு நான் சரி என்றோ தப்பு என்றோ மார்க் போட மாட்டேன். அப்பாவும் அன்று அவளைக் கேலி செய்யவில்லை. கூடவே விழித்திருந்தார்.

நான் அம்மா பக்கம் சாய்ந்தேன். அறுபது வயதைத் தாண்டியும் தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டவள்தான் நான். மாறியது எப்போது என்று சொல்கிறேன். உறவுகள் நினைப்பதுபோல் வீட்டுக்காரர் போன கோபத்தில் மாறவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, "அவரை எழுந்து நடக்க வை, முடி இறக்குகிறேன்" என்று சமயபுரத்தாளிடம் வேண்டிக்கொண்டேன். மனசார வேண்டிக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருடைய மனைவியும் அதே அம்மனுக்கு அதே வேண்டுதல் வைத்திருந்தார். இரண்டு பேரும் ஒரே திருநீற்றுப் பொட்டலத்தைப் பகிர்ந்துகொண்டோம். அவருடைய கணவர் தேறி எழுந்தார். வீட்டுக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "ஆத்தா கைவிடல டீச்சர்" என்றார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அவர் போன பிறகு கட்டில் ஓரம் உட்கார்ந்தபோதுதான் மனசில் ஒரு கேள்வி எழுந்தது. அவரை ஆத்தா கைவிடவில்லை என்றால், என்னை?

ஆயிரக்கணக்கில் விடைத்தாள் திருத்தியவள் நான். ஒரே விடை எழுதிய இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்கு முழு மார்க்கும் இன்னொருவனுக்குச் சுழியும் போட்டால் அந்த ஆசிரியரை என்ன சொல்வோம்? "அவள் கணக்கு நமக்குப் புரியாது" என்று என்னைச் சமாதானப்படுத்தினார்கள். இருக்கலாம். ஆனால் புரியாத கணக்கை எனக்குப் புரிந்துவிட்டது என்று பொய் சொல்ல என்னால் முடியவில்லை. அவ்வளவுதான். அதற்குப் பதினெட்டு நாள் கழித்து அவர் போனார். சந்தேகம் அவர் இருக்கும்போதே வந்துவிட்டது.

இப்போது நான் எங்கே நிற்கிறேன்? ஆறு மணிக்கு விளக்கேற்றுகிறேன். கை தானாகப் போகிறது. பேரனுக்குக் காய்ச்சல் என்றால் வாய் "ஆத்தா" என்கிறது. ஆனால் கண்ணை மூடி நின்றால், முன்பு எதிரில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. இப்போது அப்படித் தோன்றுவதில்லை. இருக்கிறார் என்றும் அடித்துச் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியவில்லை. போனில் கேட்ட மாணவிக்கு என் பதில் இதுதான்: தெரியவில்லை அம்மா.

இது வெட்கப்பட வேண்டிய பதில் இல்லை. அன்னை தெரசா 1997-ல் காலமானார். அவர் தன் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007-ல் புத்தகமாக வந்தன. கடவுள் தன்னோடு இருப்பதாகவே உணர முடியவில்லை என்ற தவிப்பு அவருக்குப் பல பத்தாண்டுகள் இருந்திருக்கிறது. அந்த இருட்டோடுதான் அவர் தினமும் எழுந்து ஜெபித்து, நோயாளிகளைத் துடைத்துச் சோறூட்டியிருக்கிறார். 2016-ல் அவரைப் புனிதர் என்று அறிவித்த திருச்சபைக்கும் அந்தக் கடிதங்கள் தெரியும்.

"இதெல்லாம் இந்தக் காலத்துப் படிப்பு செய்த கேடு" என்று என் சித்தப்பா மகன் சொன்னான். இல்லை தம்பி. மணிமேகலையைப் புரட்டிப் பார். வஞ்சி மாநகரத்தில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கண்ணால் கண்டதற்கு மேல் எதையும் ஒப்புக்கொள்ளாத பூதவாதியும் அந்த வரிசையில் இருக்கிறான். பௌத்தமும் சமணமும் உலகைப் படைத்த ஒரு கடவுளை வைக்காமலேயே இந்த மண்ணில் பள்ளி நடத்தின, இலக்கணம் எழுதின. நம் கிழவிகளும் கிழவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு என்னையும் அனுப்பினார்கள். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர், "மதம்னு கேட்டா ஒண்ணும் இல்லைன்னு எழுதும்மா" என்றார். பக்கத்தில் நெற்றி நிறையக் குங்குமத்தோடு அவர் மனைவி, "எனக்கு இந்துன்னு போட்டுக்கோங்க" என்றார். ஒரே வீட்டுப் படிவத்தில் இரண்டு விதமாக எழுதிக்கொண்டு வந்தேன். என் அப்பா அம்மாவைப் பார்த்ததுபோல் இருந்தது. அந்தக் கணக்கெடுப்பில் மதம் குறிப்பிடாதவர்கள் நாடு முழுவதும் 28 லட்சத்துக்கும் மேல். அத்தனை பேரும் நாத்திகர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கட்டத்தில் ஒரு பெயரை எழுத ஏதோ ஒரு காரணத்தால் மனம் வராதவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்.

1988. ஐந்தாம் வகுப்பு. காலை வழிபாட்டில் கடவுள் வாழ்த்துப் பாடும்போது ஒரு பையன் மட்டும் கை கூப்பவில்லை. மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள் ஸ்கேலால் விரல் முட்டியில் அடித்தேன். அப்போதும் கூப்பவில்லை. ஒரு பாடவேளை முழுக்க வெயிலில் முட்டி போட வைத்தேன். ஏன் என்று அவனைக் கேட்கவே இல்லை. மத்தியானம் சத்துணவு ஆயாதான் சொன்னார்: "அவங்கம்மா செத்து இன்னும் மாசம் ஆகல டீச்சர். 'நான் கும்பிட்டும் எங்கம்மாவக் காப்பாத்தல, இனிமே கும்பிட மாட்டேன்'னு சொல்லிக்கிட்டுத் திரியுது."

அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான், 1986-ல், உச்ச நீதிமன்றத்தில் கேரளப் பிள்ளைகள் மூவர் வழக்கில் தீர்ப்பு வந்திருந்தது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்பார்கள். அந்தப் பிள்ளைகள் தங்கள் மத நம்பிக்கை காரணமாகத் தேசிய கீதத்தைப் பாடவில்லை. மரியாதையாக எழுந்து நின்றார்கள், வாயை மட்டும் திறக்கவில்லை. பள்ளியை விட்டு நீக்கினார்கள். நீக்கியது தவறு, மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. அரசியலமைப்பின் 25-வது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரம் தருகிறது. நம்புகிற பிள்ளைக்கு அது எவ்வளவு பொருந்துமோ, நம்பாத பிள்ளைக்கும் அவ்வளவு பொருந்தும். இந்தத் தீர்ப்பெல்லாம் எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிய வந்தது. தெரிந்திருந்தால் அடித்திருக்க மாட்டேனா? அதுவும் சந்தேகம்தான். எனக்கு அன்று எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பத்தேழு வயது. வேடிக்கையைக் கேளுங்கள், வருடம் தவறாமல் மாலை போட்டுச் சபரிமலை போகிறார்! போன தை மாதம் அரவணை டப்பாவோடு வந்தார். என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "வைக்கட்டுமா டீச்சர், உங்களுக்குச் சங்கடமா இருக்குமா?" என்று கேட்டார். நான் அவரைக் கேட்காத கேள்வியை அவர் என்னைக் கேட்டார். அன்றுதான் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஞாபகமே இல்ல டீச்சர்" என்றார். ஞாபகம் இருக்கிறது என்று முகத்திலேயே தெரிந்தது.

எப்படி மறுபடி நம்பிக்கை வந்தது என்று கேட்டேன். "எம்பொண்ணு பொறந்தப்ப யாருக்காவது நன்றி சொல்லணும்போல இருந்துச்சு டீச்சர்" என்றார். என் ஸ்கேல் அவரை ஆத்திகராக்கவில்லை. எந்த வாதமும் என்னைச் சந்தேகக்காரி ஆக்கவில்லை. அவரவருக்கு வாழ்க்கை ஏதோ ஒன்றைக் காட்டியது. வேறொருவர் அடித்தோ அழவைத்தோ அதை மாற்ற முடியாது.

"அப்ப எதை நம்பினாலும் ஒண்ணுதானா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஒருவர் சாமி உண்டு என்கிறாரா, இல்லை என்கிறாரா என்பதை வைத்து நான் ஆளை எடை போடுவதில்லை. அதைச் சொல்லிக்கொண்டு பக்கத்து மனுஷரை என்ன செய்கிறார் என்று பார்க்கிறேன். 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கவே ஒரு பகுதி மக்களுக்கு உரிமை இல்லை. அதற்காகப் போராடிச் சிறைக்குப் போனவர்களில் ஒருவர், பின்னாளில் கடவுள் மறுப்புக்கே அடையாளமாகிவிட்ட பெரியார். 1939-ல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துப் போனவர் வைத்தியநாத ஐயர், ஆழ்ந்த பக்தர். கடவுள் விஷயத்தில் இருவரும் இரண்டு துருவம். ஆனால் வாசலில் தடுக்கப்பட்டவர் பக்கம்தான் இருவரும் நின்றார்கள். தடுத்து நின்றவர்களும் சாமி பெயரைச் சொல்லித்தான் தடுத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

கணித மேதை ராமானுஜன் தன் கணக்கெல்லாம் நாமக்கல் நாமகிரித் தாயார் அருள் என்பார். 1914-ல் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி கடவுளை ஒப்புக்கொள்ளாதவர். தாயார் இருக்கிறாரா இல்லையா என்று முதலில் முடிவு செய்துவிட்டுக் கணக்குப் போடுவோம் என்று இருவரும் உட்கார்ந்திருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்?

சரி, எங்கள் வீட்டுக்கு வருகிறேன். திதி கொடுத்தோமா இல்லையா?

கொடுத்தோம். என் கொழுந்தனார் கொடுத்தார். மகனைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ நம்பாததைச் செய்ய வேண்டாம். நடிக்க வேண்டாம்னு நீ சொன்னது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா முட்டாள்தனம்னு சொன்னியே, அதுக்கு அத்தைகிட்ட மன்னிப்புக் கேள். அவங்களுக்கு அது எள்ளும் தண்ணியும் இல்ல, அண்ணனோட பேச மிச்சம் இருக்கிற ஒரே வழி" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. திதியன்று விடியற்காலையில் அவனே கார் ஓட்டி எல்லோரையும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குக் கூட்டிப் போனான். படித்துறையில் அத்தையின் பையையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு நின்றான். பிண்டம் கரைக்கச் சித்தப்பா ஆற்றில் இறங்கியபோது வழுக்காமல் கையைப் பிடித்துக்கொண்டான். மன்னிப்பும் கேட்டான். நாத்தனார் தலையை ஆட்டினார், பேசவில்லை.

என்னிடம் இன்னும் பேசவில்லை.

அதனால் இந்தக் கடைசிப் பகுதி நாத்தனாருக்கு. மகள் போனில் நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். நீ சொன்ன வார்த்தையை நான் இந்த ஒரு மாதமாகத் தூக்கிச் சுமக்கிறேன். "மனசார வேண்டியிருந்தா பொழச்சிருப்பார்." வேண்டினேன் கண்ணு. நீ வேண்டியதைவிடக் குறைவாக வேண்டவில்லை. வேண்டியவர்கள் வீட்டிலும் சாவு வருகிறது, வேண்டாதவர்கள் வீட்டிலும் வருகிறது. என் பக்தி பத்தாமல் உன் அண்ணன் போனார் என்றால், நாற்பது வருடம் உன் அண்ணனோடு வாழ்ந்ததே தோற்றுப்போன பரீட்சை என்று ஆகிவிடும். உன் அம்மன் அப்படிப்பட்டவள் என்று நீயே நம்ப மாட்டாய். உனக்கும் துக்கம். அந்த நேரத்தில் கையில் கிடைத்ததை எடுத்து வீசிவிட்டாய். நானும் ஒரு காலத்தில் தாயில்லாப் பிள்ளையின் முட்டியில் அடித்தவள்தான். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

நம்புகிற பிள்ளைகளே, நோயிலும் சாவிலும் தவிக்கிறவரிடம் பக்தி போதவில்லை என்று சொல்லாதீர்கள். நம்பாத பிள்ளைகளே, அழுகிறவர் கையில் இருக்கும் திருநீற்றைத் தட்டிவிடாதீர்கள். அதைத் தட்டிவிட்டால் அறிவு வந்துவிடாது. வாத்தியார் வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று தனியாக: வழிபாட்டில் ஒரு பிள்ளை கை கூப்பாமல் நின்றால், மத்தியானம் பக்கத்தில் உட்கார வைத்து வீட்டில் எல்லோரும் நலமா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. அது முப்பத்தேழு வருடமாக உறுத்துகிறது.

வரும் பங்குனியில் நாத்தனார் சமயபுரம் போவார். முடிந்தால் நானும் கூடப் போகலாம் என்று இருக்கிறேன். சாமி கும்பிடுவேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. வெயில் கடுமையாக இருக்கும், கூட்டமும் இருக்கும். இளநீர் நான் வாங்கித் தருகிறேன்.

 மாறுபட்ட கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். எழுத்துப் பிழை மட்டும் வேண்டாம், சிவப்பு மையை எடுத்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்